அட்டையில் என் முகம்

வெளிநாட்டுக்குப் பட்டு அனுப்பும் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு நெய்துகொண்டிருந்தேன். தறி என்னுடையது, அதில் ஏற்றும் பாவு நூல் அவர்களுடையது. ஒரு நாள் அந்தக் கம்பெனி மேலாளர் கேமராவோடு பிள்ளையார்பாளையத்தில் என் வீட்டுக்கு வந்தார். சேலையோடு வைக்கும் அட்டையில் நெய்தவரின் படம் போடப்போகிறார்களாம். வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் அதைக் கேட்கிறார்களாம்.

உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோக்கும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் உட்கார வேண்டும். உடலை நான் நெய்ய, கரைக்கான நூல் ஓடும் நாடாவை என் மனைவி பக்கத்திலிருந்து வீசுவாள். அவளை நகரச் சொன்னார் மேலாளர். "ஒரு முகம்தாண்ணா மனசுல நிக்கும்." படத்துக்காகத் தலை வாரி, நல்ல சேலை கட்டியிருந்தவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். எனக்கு அப்போதே கசந்தது. ஆனாலும் பல்லைக் காட்டினேன். அந்தப் பல்லுக்குக் கீழே, நெசவாளிக்கு நியாயமான கூலி என்று இங்கிலீஷில் அச்சடித்தார்கள். கூலி எவ்வளவு, யார் யாருக்கு என்று போட்டிருந்தால் நானே வாசலில் ஒட்டியிருப்பேன். அதைப் போடமாட்டார்கள். முகத்தைப் போடுவது சுலபம், அதற்குக் கூலி கிடையாது.

சில மாதம் கழித்து லண்டனிலிருந்து ஓர் அம்மா வந்தார். எங்கள் ஊர் வரதர் கோயிலில் சேவித்துவிட்டு நேரே என் வீடு. கூடவே மேலாளர். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய சேலையை மடியில் விரித்து, அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். சேலையைப் புரட்டினேன். உடலும் கரையும் சேரும் இடத்தில் விரலை ஓட்டினால் கோர்வை தட்டுப்பட வேண்டும். வழவழவென்று போனது. விசைத்தறியில் ஒரே ஓட்டமாக ஓட்டியது. எந்த ஊரில் எவன் ஓட்டினானோ, அவனுக்கு அட்டையில் முகம்கூட இல்லை.

மேலாளர் என்னையே பார்த்தார். என் தறியில் பாதி நெய்த சேலை இருந்தது. வாயைத் திறந்தால் அடுத்த பாவு வராது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"இன்னா பாத்துக்கினு இருக்கிற? சொல்லு," என்றாள் பக்கத்தில் நின்ற என் மனைவி.

"இது நான் நெஞ்சது இல்லம்மா. மெஷின்ல ஓட்டினது."

அந்த அம்மா சேலையை மெல்ல மடித்தார். பிறகு தணிந்த குரலில், "பரவாயில்லைங்க. உங்க படத்தைக் காட்டி எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். தறியில உக்காருங்க, ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கறேன்," என்றார். மேலாளரின் பித்தலாட்டமாவது பிழைப்புக்கு. இந்த அம்மாவுக்கு என்ன கேடு? நான் உட்காரவில்லை.

மறுநாளே கம்பெனி ஆட்கள் வந்தார்கள். நெய்த வரைக்கும் சேலையை அறுத்து, மிச்சப் பாவையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். இப்போது நானும் மனைவியும் வாலாஜாபாத் பக்கம் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறோம். எல்லாம் கப்பலேறப் போகும் பெட்டிகள்.

போன வாரம் மேலாளருக்குப் போன் போட்டு, என் படத்தையாவது எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் கோபப்படவே இல்லை.

"அட்டை நிறைய அடிச்சி வச்சிருக்கோம்ணா. தீர்ற வரைக்கும் இருக்கட்டுமே."