செம்பா, மருந்தா?

வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. வேதியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மெட்ரோ வேலை நடந்த சமயம். பஸ் நகர்ந்த நேரத்தைவிட நின்ற நேரம்தான் அதிகம்.

மலேரியாவுக்குக் கொடுக்கும் ஒரு பழைய மருந்தோடு செம்பைச் சேர்த்துப் புதுச் சேர்மம் உண்டாக்குவதுதான் என் ப்ராஜெக்ட். மருந்துக்கு மசியாத கிருமிகூட, உலோகம் சேர்ந்தால் மசியுமா என்று ஒரு ஆசை. மலேரியாக் கிருமியை வளர்க்க எங்கள் கல்லூரியில் வசதியில்லை. அதனால் முதற்கட்டமாகப் பாக்டீரியா வளர்த்த கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்தோம். மருந்தைத் தனியாக வைத்த இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. என் சேர்மத்தை வைத்த இடத்தைச் சுற்றி மட்டும் பாக்டீரியா செத்து, பளிச்சென்று ஒரு வட்டம். என் ப்ராஜெக்டுக்கு வழிகாட்டிய மேடத்துக்கு அப்படி ஒரு சந்தோஷம். அடுத்த வாரக் கருத்தரங்கில் பேச என் பெயரும் கொடுத்தாயிற்று.

அன்று மாலை பஸ்ஸில் உட்கார்ந்து அந்த வட்டத்தின் போட்டோவையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றிருந்தவர் என் கையைக் கவனித்திருக்கிறார். நாற்பது வயது இருக்கும்.

"இன்னாமா, விரலெல்லாம் பச்சையா கீது? செம்புத் தண்ணில வேலையா?"

பாடிப் பக்கம் ஒரு முலாம் பூசும் பட்டறையில் வேலை பார்க்கிறாராம். நாள் முழுக்கச் செம்பு கரைத்த தொட்டியோடுதான் பிழைப்பு. பஸ் நகர்வதாகத் தெரியவில்லை. அவரும் கேட்டுக்கொண்டே இருந்தார். மருந்தோடு செம்பு எப்படி ஒட்டும், ஒட்டியதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். என் வீட்டில்கூட யாரும் இவ்வளவு கேட்டதில்லை. பெருமையாகப் போட்டோவைக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"செம்பு தனியாவே கொல்லுமேம்மா. எங்க தொட்டித் தண்ணி சிந்துன எடத்துல புல்லு மொளைக்காது. இது மருந்து செஞ்ச வேலையா, செம்பு செஞ்ச வேலையான்னு எப்படித் தெரியும்?"

மருந்தைத் தனியாக வைத்துப் பார்த்துவிட்டோம் என்றேன், கொஞ்சம் சுருக்கென்று.

"மருந்தப் பாத்தே, சரி. செம்ப?"

மடக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கரையான்சாவடி வந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

ராத்திரி அந்தப் போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 'பஸ்ஸில் வந்தவருக்கு என்ன தெரியும்' என்று ஒரு மனசு சொன்னது. 'பார்த்துவிட்டால்தான் என்ன' என்று இன்னொரு மனசு நச்சரித்தது. மறுநாள் காலை நுண்ணுயிரியல் துறைத் தோழியிடம் கெஞ்சி ஒரு தட்டு வாங்கினேன். என் சேர்மத்தில் எவ்வளவு செம்போ, அதே அளவு செம்பு உப்பைக் கரைத்து, மருந்து இல்லாமல் வைத்தேன். பக்கத்திலேயே என் சேர்மம்.

ஒரு நாள் காத்திருக்க வேண்டும். திறந்து பார்த்தபோது இரண்டு வட்டங்கள். ஸ்கேல் வைத்து அளந்தேன், தோழியும் அளந்தாள். ஒரே அளவு.

மேடத்திடம் தட்டை நீட்டினேன். பஸ்ஸில் நடந்ததையும் சொன்னேன். தட்டை வெளிச்சத்தில் பிடித்து அவரும் ஸ்கேல் வைத்துப் பார்த்தார்.

"இதை நான் கேட்டிருக்கணும்" என்றார் கடைசியில். "இந்தத் தட்டையும் சேர்த்தே காட்டு."

காட்டினேன். மருந்து சேர்ந்ததால் கூடுதலாக எதுவும் நடக்கவில்லை, கொன்றது செம்புதான் என்று மேடையில் சொல்லும்போது காது சூடாகிவிட்டது. பரிசு வேறு யாருக்கோ போனது. ஆனால் அன்று அதிகமான கேள்விகள் வந்தது எனக்குத்தான். இந்தச் சோதனை எப்படித் தோன்றியது என்று ஒருவர் கேட்டார். பஸ்ஸில் ஒரு பட்டறைத் தொழிலாளி கேட்டது என்றேன். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் குறித்துக்கொண்டார்கள்.

பொய் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆனாலும், பிடித்த பதில் கிடைத்ததும் அடுத்த கேள்வியை நிறுத்திவிட்டால் நல்ல மனசோடேகூட ஒரு பொய்யை ஊருக்குச் சொல்லிவிட முடியும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு ஒரு நிமிடம் சிலிர்க்கிறது.