நல்லெண்ணெய் நிறத்தில் ஒரு லிட்டர்

ஷார்ஜாவில் குடியிருப்பவர்களுக்கு நாலு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தால் ஜார்ஜியா நினைவுக்கு வந்துவிடும். மூன்றரை மணி நேரம்தான் விமானம். விசா அலைச்சல் கிடையாது. போனால் மழையைப் பார்க்கலாம். மீலாது விடுமுறையை ஒட்டி நாங்கள் மூவரும் போனோம். ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் தொழிற்சாலைக்கு தினமும் வண்டியோட்டிப் போய்வரும் என் கணவர், பள்ளியில் இயற்பியல் நடத்தும் நான், ஒன்பதாவது படிக்கும் எங்கள் மகள்.

அங்கே அது திராட்சை அறுவடைக் காலம். ஒயின் செய்யும் ஒரு பண்ணையில் ஒரு நாள் விருந்து என்று பயணத் திட்டத்தில் போட்டிருந்தது. எனக்கு அதில் இஷ்டமில்லை.

“குடிக்கிற இடத்துக்கு வயசுப் பொண்ணைக் கூட்டிட்டுப் போவாங்களா?”

“அது பாரு கீரு இல்லம்மா, தோட்டம். ஊரே குடும்பத்தோட வரும். நீ சும்மா வா” என்றார் கணவர்.

ஊரே வந்திருந்தது. பண்ணைக்காரிக்கு என் வயதுதான் இருக்கும். விரல்கள் நகக்கண் வரை ஊதாவாக இருந்தன. யாரென்றுகூடக் கேட்காமல் என் மகளை அணைத்துக்கொண்டு, அவள் கால்களைக் கழுவிவிட்டு, மரத்தைக் குடைந்து செய்த நீளமான தொட்டிக்குள் இறக்கிவிட்டாள். திராட்சையை மிதிக்க வேண்டும். மகள் முதலில் முகத்தைச் சுளித்தாள். கொஞ்ச நேரத்தில் வேறு இரண்டு பெண்களின் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது. எங்கள் ஃப்ளாட்டில் சத்தமாகச் சிரித்தால் கீழ்வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும்.

பந்தலடியில் சாப்பாடு. சூடான ரொட்டி, பாலாடைக்கட்டி, வால்நட் விழுதை வைத்துச் சுருட்டிய கத்தரிக்காய். தட்டில் ஒரு மூலை காலியானாலும் அந்தப் பெண் வந்து நிரப்பினாள். ஒருவர் எழுந்து நெடுநேரம் பேசுவார், எல்லோரும் கோப்பையைத் தூக்குவார்கள். இறந்தவர்களுக்காக ஒருமுறை, பிள்ளைகளுக்காக ஒருமுறை. பிள்ளைகளுக்கு என்றபோது நானும் எழுந்து ஒரு வாய் குடித்தேன். புளிப்பும் துவர்ப்புமாக இருந்தது. அந்த ஒயின் சிவப்பு இல்லை. திராட்சைச் சாற்றைத் தோலோடு மண்சாடியில் போட்டு, சாடியைக் கழுத்துவரை புதைத்து வைப்பார்களாம். நல்லெண்ணெய் நிறத்துக்கு வந்துவிடுகிறது.

புறப்படும்போது அவள் ஓடிவந்து, காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றில் அதே ஒயினை ஒரு லிட்டர் நிரப்பி என் கையில் திணித்தாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? இரண்டு கையாலும் கொடுத்தாள்.

“ரூம்லயே ஊத்திட்டு வந்துடு. ஷார்ஜால பாட்டில் கையில இருந்தாலே கேஸு” என்றார் கணவர். எனக்குத் தெரியாதா? பதினேழு வருடமாக அங்கே இருக்கிறேன். சரி என்றேன்.

ஊற்றவில்லை. வேண்டுமென்று செய்ததல்ல. ஒவ்வொரு வருடமும் மதுரையிலிருந்து திரும்பும்போது செக்கு நல்லெண்ணெயைத் தண்ணீர் பாட்டிலில் நிரப்பி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் கவர் போட்டு, ரப்பர் பேண்டால் இறுக்கி, சுடிதார்களுக்கு நடுவில் வைப்பேன். ஜார்ஜியாவிலிருந்து கிளம்பிய அன்று காலை டாக்ஸிக்காரர் கீழே நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். கை அந்த நிறத்தைப் பார்த்தது, வழக்கமான வேலையைச் செய்தது. டேப்கூட ஒட்டியிருந்தேன். ஷார்ஜாவில் இறங்கி, பெல்ட்டில் பெட்டி வருவதைப் பார்க்கும்வரை எனக்கு அது உறைக்கவில்லை.

கணவர் டிராலி எடுக்கப் போயிருந்தார். அவரிடம் சொல்வதற்குள், மகள் தூக்கி வைத்த பெட்டி சுங்கத்தின் எக்ஸ்ரேக்குள் போய்விட்டது. வெளியே வந்ததும் சுங்க அதிகாரி, இளம்பெண், கை காட்டி நிறுத்தினார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். கவர்களைப் பிரித்து பாட்டிலை வெளியே எடுத்தார்.

“இது என்ன?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

வேலை, விசா, மகளின் பள்ளி, எல்லாம் அந்தப் பெண்ணின் கையில் இருந்தன.

“ஸைத்” என்றாள் என் மகள். எண்ணெய். பள்ளியில் கற்ற அரபியில் தொடர்ந்து ஏதோ சொல்லி என் பின்னலைக் காட்டினாள். அம்மா தலைக்குத் தேய்ப்பது என்றாளாம்.

அதிகாரி பாட்டிலைச் சாய்த்தார். எண்ணெயில் காற்றுக்குமிழி மெதுவாக ஊர்ந்து ஏறும். இதில் சட்டென்று மேலே ஓடியது. நான் வகுப்பில் பத்து வருடமாகச் செய்துகாட்டும் சோதனை அது. குமிழியைப் பார்த்திருந்தால் யாருக்கும் புரிந்திருக்கும். அவர் அதைப் பார்க்கவில்லை. என் மகளின் முகத்தைப் பார்த்தார். அவளும் கண் தாழ்த்தாமல் அவரைப் பார்த்தாள்.

“யல்லா” என்று, கிளம்பச் சொல்லிச் சிரித்து, பாட்டிலைத் துணிகளுக்கு நடுவே வைத்துவிட்டார்.

வெளியே வந்து காரில் ஏறினோம். முவைலாவில் எங்கள் வீடு வரைக்கும் பத்து நிமிடம்தான். கணவர் எல்லா சிக்னலிலும் மஞ்சளுக்கே நின்றார். வீட்டுக்கு வந்ததும் ஒயினைச் சிங்க்கில் ஊற்றி, குழாயைத் திறந்துவிட்டு, மேலே ஃபினாயில் ஊற்றினேன். பிடிபட்டிருந்தால் அதிகாரியிடம் பொய் சொன்னவள் என்று மகள் பெயரையல்லவா எழுதியிருப்பார்கள்? பதினாலு வயதுப் பிள்ளை.

மறுநாள் அவள் பள்ளியிலிருந்து வந்ததும் கேட்டேன். “உனக்குப் பயமாவே இல்லையா?”

“இருந்துச்சே. கையைப் பாக்கெட்ல வச்சிருந்தேன், பாக்கலையா?”

“பின்ன எப்படி அவ்ளோ சாதாரணமா சொன்ன?”

“நீதானம்மா சொல்லிக் குடுத்த. தயங்கக் கூடாது, கண்ணைப் பாத்துச் சொல்லணும்னு. ஆன்ட்டி யாருன்னு யாராவது கேட்டா.”

எங்கள் ஃப்ளாட்டின் இரண்டு படுக்கையறைகளில் ஒன்றை ஒரு நர்ஸுக்கு உள்வாடகைக்கு விட்டிருக்கிறோம். மகள் ஹாலில் படுக்கிறாள். குடும்பங்களுக்கான கட்டிடத்தில் அப்படி விடக் கூடாது. சோதனைக்கு யாராவது வந்தால் அவரைச் சித்தி என்று சொல் என்று மகளைப் பழக்கியிருந்தோம். நான்தான் அதிகாரி மாதிரி கேட்பேன். அவள் சொல்வாள். தடுமாறினால் மறுபடி கேட்பேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், அவள் ஏழாவது படிக்கும்போது.

“இனிமே அப்படிச் சொல்ல வேணாம்” என்றேன்.

“ஓகே. அப்ப கேட்டா யாருன்னு சொல்ல?”

உள்ளே நர்ஸ் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பீரோவைத் திறந்து மூடும் சத்தம் நின்றது. அவர் காதில் விழுந்திருக்கும்.

“அப்பா வரட்டும், பேசிட்டுச் சொல்றேன்.”

“சும்மா சொல்லாத. உண்மையைச் சொல்லணுமா, வேணாமா? அதை மட்டும் சொல்லு.”

கணவரிடம் இரண்டு தடவை இந்தப் பேச்சை எடுத்தேன். “எல்லாரும் பண்றதுதான், விடு” என்கிறார். நர்ஸிடமும் வேறு இடம் பாருங்கள் என்று சொல்லவில்லை. திடீரென்று போகச் சொன்னால் அவர் எங்கே போவார்?

இப்போது காலிங் பெல் அடித்தால் மகளை எழவிடுவதில்லை. நானே போகிறேன். தண்ணீர் கேன்காரராகத்தான் இருக்கும், அல்லது லாண்டரி ஆள். தாழ்ப்பாளை விலக்கும் வரை வாய்க்குள் ஒரு பதிலைத் தேடுகிறேன். என் முதுகுக்குப் பின்னால் ஹாலில் உட்கார்ந்து, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.