ஜன்னலில் திணித்த பனியன் வேஸ்ட்

பாத்ரூம் பூஞ்சை எடுப்பது என் தொழில். அதாவது எல்லா வைத்தியமும் தோற்ற பிறகு, திட்டுவதற்காவது ஓர் ஆள் வேண்டுமே என்று கூப்பிடுவார்களே, அந்த ஆள் நான். தேய்த்த சுவரில் மறுபடி கறுப்பு படர்வதைப் பார்த்து நொந்துபோன உங்களுக்கு, திருப்பூர் நல்லூர் சண்முகம் அண்ணனைப் பற்றிச் சொன்னால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அவருக்குக் கீழே பனியன் தைக்கும் யூனிட், மாடியில் வீடு, அந்த வீட்டு பாத்ரூம் சுவரெல்லாம் பூஞ்சை. மகள் தாரணிக்கு மூச்சிளைப்பு. பூஞ்சை போகாமல் இளைப்பு நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சாயப்பட்டறை மருந்து

முதல் தடவை கூப்பிட்டபோது, நான் போவதற்குள் அண்ணனே வைத்தியத்தில் இறங்கிவிட்டார். தெரிந்த சாயப்பட்டறையில் ஒரு கேன் ப்ளீச் வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர்கூடக் கலக்காமல் சுவரில் ஊற்றியிருக்கிறார். கறுப்பு வெளுத்தது. கூடவே குழாய் துருப்பிடித்தது, அண்ணனின் கண் மிளகாய்ப்பழம் ஆனது, தாரணி இருமித் தீர்த்தாள். மேலே வெளுத்தால் சுவருக்குள் இருக்கும் ஈரம் போய்விடுமா என்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கறுப்புத் துணியவே வெளுக்கற சரக்குங்க தம்பி, செவுரு எம்மாத்திரம்?"

ஆடிட் பெயிண்ட்

செவுரு எம்மாத்திரம் என்பது அடுத்த மழையில் தெரிந்தது. அண்ணன் அசரவில்லை. சரக்கு வாங்கும் பையர் ஆட்கள் யூனிட்டைச் சோதிக்க ஆடிட்டுக்கு வரும்போதெல்லாம் யூனிட் டாய்லெட்டுக்கு ஒரு கோட் வெள்ளை அடிப்பது வழக்கம்; அதே ராஜதந்திரத்தை வீட்டிலும் காட்டினார். பெயிண்ட் காய்ந்தது, குமிழ்விட்டது, குமிழ் உடைந்த இடத்தில் பழைய நண்பர் எட்டிப் பார்த்தார். தாரணிக்கு ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைக்க வேண்டியதாயிற்று. அண்ணன் மனைவி ரேவதி அக்கா பெட்டியைக் கட்டி, மகளோடு மூலனூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

"பையரு பாத்துட்டுப் போயிருவானுங்க. நாங்க இங்கயேதான குடியிருக்கறோம்?"

பக்கத்து கம்பெனிக்காரன்

வீடு காலியான பிறகுதான் அண்ணன் என்னை வேலை பார்க்க விட்டார். சின்னக் கறுப்பு என்றால் நீங்களே தேய்த்துக்கொள்ளலாம். தேய்த்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வந்தால், ஈரம் எங்கிருந்து வருகிறதென்று பார்க்கத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். நானும் பார்த்தேன். குழாயில் கசிவில்லை. அண்ணாந்தால், ஜன்னல் முழுக்கப் பனியன் வேஸ்ட்! குளித்த ஆவி வெளியேற இருந்த ஒரே வழியைத் துணி திணித்து அடைத்திருக்கிறார். பக்கத்து கம்பெனிக்காரன் பஞ்சைப் பறக்கவிடுகிறானாம். துணியைப் பிடுங்கி எட்டிப் பார்த்தேன். நேர் கீழே அண்ணனின் சொந்த யூனிட் ஃபேன்தான் பஞ்சை மேலே ஊதிக்கொண்டிருந்தது. அதை மாற்ற மெஷின்களை நிறுத்த வேண்டும்.

"ஷிப்மென்ட் முடியட்டுங்க தம்பி, அதுவரைக்கும் அவங்க மூலனூர்லயே இருக்கட்டும்."

இன்ஸ்பெக்‌ஷன்

அப்போதுதான் தாரணி போன் செய்தாள். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார். "அப்பா, இங்க எனக்கு இளைக்கறதே இல்லீங்ப்பா. இங்கயே ஸ்கூல்ல சேந்துக்கட்டுங்களா?" என்றாள். போனை வைத்த கையோடு அண்ணன் யூனிட்டுக்கு இறங்கினார்.

மறுநாள் காலை மெஷின்கள் நின்றன. ஃபேன் எதிர்ச் சுவருக்குப் போனது. நான் ஊறிய பூச்சைச் செதுக்கி, பூஞ்சையை எடுத்து, புதுப் பூச்சு பூசினேன். எல்லாம் நன்றாகக் காய்ந்ததும் ரேவதி அக்கா வீடியோ காலில் வந்தார். அண்ணன் ஜன்னல் முன்னால் ஒரு துண்டு பனியன் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜன்னல் காற்றில் துணி ஆடியது.

"செரி, பாஸாயிட்டீங்க. நாளைக்கு பஸ் ஏறறோம். மறுக்கா அந்தத் துணிய அங்க திணிச்சீங்கன்னா, மொத்த லாட்டும் ரிஜெக்ட்டுங்க."

ஆக, திருப்பூரில் பூஞ்சை ஒழிய முதலில் பெண்டாட்டி பிள்ளை ஊருக்குக் கிளம்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் நான் வர வேண்டும்.