மழை நாளில் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்த வேன்

பிக்கப் இல்லை என்று வருகிற பழைய வண்டியில் பாதி நேரம் கோளாறு எஞ்சினுக்குள் இருக்காது. கரையான்சாவடியில் ஒர்க்‌ஷாப் போட்ட நாளிலிருந்து இதை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அப்படிப்பட்ட நானே ஒரு வண்டியில் கோட்டை விட்டேன்.

ஸ்கூல் வேன் ஓட்டும் செல்வம் கொண்டுவந்த வண்டி அது. முன் சீட்டுக்கு அடியில் எஞ்சின் இருக்கும் பழைய பெட்ரோல் வேன்.

"பாலம் ஏற மாட்டேங்குதுண்ணா. பசங்களோட ஏறுனா செகண்ட் கியருக்கு வந்துருது. பின்னால வர்ற ஆட்டோக்காரன் திட்டிகினே போறான்" என்றான்.

சீட்டைத் தூக்கி பிளக், ஏர் ஃபில்டர் மாற்றினேன். கம்ப்ரஷன் சரியாகவே இருந்தது. எஞ்சின் மூடியைச் சுற்றி இடுக்கை அடைத்திருந்த ரப்பர் பீடிங் நைந்து கையோடு வந்தது. அது இல்லாவிட்டால் கொஞ்சம் சத்தம் வரும், அவ்வளவுதானே என்று தூக்கிப் போட்டுவிட்டு மூடினேன். கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஆவடி ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். கண்ணாடி இறங்கியிருந்தால்தான் எஞ்சின் சத்தம் காதில் சரியாக விழும். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் ஓட்டுவோம். தேவலை என்று தோன்றியது, அனுப்பிவிட்டேன்.

பத்தாம் நாள் திரும்பி வந்தான். பழைய குருடி கதவைத் திறடி கதைதான். அன்று மழைக்காக ஸ்கூலுக்கு லீவு. செல்வத்தை ஓட்டச் சொல்லிவிட்டு நான் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். டிரைவர் பக்கக் கண்ணாடி மட்டும் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது, மற்றதெல்லாம் ஏற்றியிருந்தது. பூந்தமல்லி தாண்டுவதற்குள் எனக்குத் தலை கனத்தது.

"இன்னாடா, தூக்கமா வருது" என்றேன்.

அவன் சிரித்தான். "இந்த வண்டில எல்லாருக்கும் அப்டித்தாண்ணா. மழை ஆரம்பிச்சதுலேர்ந்து பசங்க ஏறுனதும் தூங்கிருதுங்க. எறங்குறப்ப ஒண்ணு ரெண்டு வாந்தி எடுக்குது. எம் பொண்ண தட்டித் தட்டி எழுப்ப வேண்டிகீது."

எஞ்சின் புகையில் தூங்கவைத்தே கொல்லும் விஷ வாயு உண்டு. ஓரம்கட்டச் சொல்லி, எல்லாக் கதவையும் திறந்து, இரண்டு பேரும் இறங்கினோம். மழையில் குனிந்து சைலன்ஸர் வாயில் கை வைத்தேன். எஞ்சின் ஓடுகிறது, கையில் காற்றே படவில்லை. பிறகு கழற்றிப் பார்த்ததில் உள்ளே தகடு உடைந்து வழியை அடைத்திருந்தது. புகை வெளியேற முடியாமல்தான் எஞ்சின் திணறியிருக்கிறது. அந்தப் புகை, எஞ்சினோடு புகைக்குழாய் சேரும் இடத்து மேனிஃபோல்டு பேக்கிங்கைப் பிய்த்துக்கொண்டு, பீடிங் இல்லாத மூடி வழியாக வேனுக்குள் ஏறியிருக்கிறது. பதினொரு பிள்ளைகள் பத்து நாளாக அதைத்தான் சுவாசித்திருக்கிறார்கள்.

பீடிங்கைத் தூக்கிப் போட்டது நான்தான் என்று அங்கேயே செல்வத்திடம் சொன்னேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. வீட்டுக்குப் போன் போட்டான்.

"பாப்பா முழிச்சிகினு கீதா?"

விளையாடிக்கொண்டிருக்கிறாள் என்று அந்தப் பக்கம் பதில் வந்ததும் ஈர ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பதினொரு வீட்டுக்கும் அவனோடு நானும் போய் உள்ளதைச் சொன்னேன். வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமல்ல, அத்தனையும் நியாயம். டாக்டரிடம் காட்டியதில் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பழைய வண்டி இழுக்கவில்லை என்றால் முதலில் சைலன்ஸர் வாயைப் பாருங்கள். அதோடு, வண்டியில் உட்கார்ந்து போகிறவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். செல்வம் முதல் நாள் வந்தபோது அவன் வேனில் பிள்ளைகள் எத்தனை பேர் என்றுகூட நான் கேட்கவில்லை.