மையவாடியில் மஞ்சள் பூ

சண்டை முடிந்து மன்னாருக்குத் திரும்பிப் போக நாள் குறித்தாயிற்று. லொறியும் சொல்லியாச்சு. உம்மா மட்டும் ஏறமாட்டேன் என்று நின்றா. "என்ட புள்ளைக்குச் சொல்லாமப் போகமாட்டன்."

புள்ளை என்றது என் தம்பியை. இருபது வருசத்துக்கு முன் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து கரைத்தீவில் ஓலைக்கொட்டிலில் இருந்த முதல் வருசம், காய்ச்சலில் மௌத்தானவன். எட்டு மாதக் குழந்தை. அடக்கின கபுறுக்குக் கல் வைக்க எங்களுக்கு ஏது வசதி? உம்மா கிணற்றடியில் மஞ்சள் பூப் பூத்துப் படர்ந்திருந்த பொற்றலைக் கையாந்தகரையில் ஒரு கொடி கிள்ளிக் கொடுக்க, வாப்பா அதைத் தலைமாட்டில் நட்டுவிட்டு வந்தார். பொம்பிளைகள் கபுறுகள் இருக்கிற மையவாடிக்குள் போகும் வழக்கம் எங்களில் இல்லை. இடம் தெரிந்த ஒரே ஆள் வாப்பா. அவரும் மௌத்தாகி ஏழெட்டு வருசம்.

படருகிற கொடியை யாராவது அடையாளத்துக்கு நடுவார்களா? வாப்பாவை நினைக்க எனக்குக் கோபம் கோபமாய் வந்தது. உம்மாவை வேலிக்கு வெளியே நிற்கவைத்துவிட்டு, கபுறைத் தேடி உள்ளே போனால் பார்க்கிற இடமெல்லாம் மஞ்சள். கடலோரக் களப்புக் காற்றில் பூவெல்லாம் ஒன்றாய்த் தலையாட்டின. உச்சி வெயிலில் நான் நடக்கிறேனா மிதக்கிறேனா என்றே தெரியவில்லை.

ஒரு கொடியைப் பிடுங்கிக்கொண்டு போய் வேலிக்கு மேலால் உம்மாவிடம் நீட்டினேன்.

"இது இல்ல மகன். இலையில மூண்டு முனை இருக்கு, மினுங்குது. இது ஹோட்டல் வாசல்ல அழகுக்கு நடுற சாமான். நம்மட இலை ஒடுக்கம், சொரசொரண்டு இருக்கும். பூவும் சின்னன்."

இன்னொன்று கொண்டுபோனேன். அதுவும் இல்லை. "கண் எங்கடா இருக்கு உனக்கு?"

"எல்லாம் மஞ்சள்தானே உம்மா!" என்று கத்திவிட்டேன். பிறகு வெட்கமாய்ப் போயிற்று.

மழைத்தண்ணீர் தேங்கும் மேற்கு மூலையில் ஒரு இலை கையைச் சுரண்டியது. கொண்டுபோய்க் கொடுத்தேன். உம்மா பெருவிரலால் தடவினா. "ஓம்" என்றா. கண்ணீர் வடிந்தது.

போய்க் கொடியை விலக்கிப் பார்த்தேன். அதன் கீழே ஒன்றல்ல, மூன்று சின்னக் கபுறுகள். அந்த வருசக் காய்ச்சல் எத்தனை பிள்ளைகளைக் கொண்டுபோனது! எது தம்பி? பொய் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

"மூண்டு இருக்கு உம்மா. எதெண்டு தெரியல்ல."

உம்மா முக்காட்டால் முகத்தைத் துடைத்தா.

"மத்த ரெண்டு உம்மாமாரும் சொல்லாமலே போய்ட்டாங்களோ என்னவோ. மூண்டு பேருக்கும் சலாம் சொல்லு. உம்மா போய்ட்டு வாறாவாம் எண்டு மூண்டு பேர்ட்டயும் சொல்லிட்டு வா."