பூ வைக்காத பூசாரி

என் அப்பா வெள்ளகோவிலுக்குப் பக்கத்து ஊரில் மாரியம்மன் கோயில் பூசாரி. கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, எதுவானாலும் ஊரார் முதலில் அம்மனிடம் பூ கேட்க வருவார்கள். சிலையின் இரண்டு தோள்களிலும் அப்பா பூ வைப்பார். வலப்பக்கப் பூ முதலில் விழுந்தால் சம்மதம்.

அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தபோதும் வைத்தார். வலப்பக்கம்தான் விழுந்தது.

"ஆத்தா சொல்லிப்போட்டா. ஒண்ணும் ஆகாது அம்மணி" என்றார். அம்மாவும் நம்பினாள், நானும் நம்பினேன். பல மாதம் கழித்து வலி பொறுக்காமல் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார்கள்.

அம்மா போனபின், தீட்டு கழிந்ததும் அப்பா கோயிலைத் திறந்தார். மணியடித்தார், திருநீறு கொடுத்தார். பூ கேட்டு வந்தவர்களை மட்டும் ஏதேதோ சொல்லித் திருப்பி அனுப்பினார்.

"கை பூசை பண்ணுது கண்ணு. நான் அங்க இல்லை" என்றார் ஒருநாள்.

"அப்ப உட்டுப்போடுங்கப்பா."

"ஊரே நம்பிச் சாவியக் குடுத்திருக்குது. உள்ள ஒண்ணுமில்லைன்னு சொல்ல நான் ஆருங்கறேன்?"

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கோயிலில் இருந்தேன். தறி ஓட்டும் புருசனும் பெண்டாட்டியும் கைக்குழந்தையோடு வந்தார்கள்.

"இருதயத்துல ஓட்டைங்க. ஆப்ரேசன் பண்ணோணுங்கறாங்க. பூ கேட்டுப்போட்டுப் போலாம்னு வந்தோமுங்க."

அப்பா பூவைக் கையில் எடுத்தார். வெகுநேரம் குழந்தையையே பார்த்தார். பிறகு தட்டிலேயே போட்டுவிட்டார்.

"கேக்க வேண்டாமுங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அந்த ஆளுக்குக் கோபம் வந்துவிட்டது. "பூ வெக்கறதுக்குத்தானுங்க நீங்க பூசாரி?"

"எம் பொண்டாட்டிக்கு வெச்சேனுங்க" என்றார் அப்பா.

அவன் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். போய்விட்டார்கள். பூசாரி அம்மனையே அவமதித்துவிட்டார் என்று ஊரில் பேச்சானது. பெரியவர்கள் வந்து கண்டித்துவிட்டுப் போனார்கள்.

ஆப்ரேசன் நடந்து குழந்தை பிழைத்தது. பொங்கல் வைக்க வந்தவன் அப்பாவின் காலில் விழுந்தான். "ஆத்தாதானுங்க உங்க வாயில வந்து சொன்னா!"

சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்பா வாயைத் திறந்தார். குழந்தையின் தாய் கும்பிட்டபடி அழுவதைப் பார்த்துவிட்டு, திருநீறு எடுக்க உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்தும் சாப்பிடவில்லை.

"அவ பேசறவளா இருந்தா, உங்கம்மாளுக்குப் பேசியிருக்கலாமே கண்ணு."

சாயங்காலப் பூசைக்கு நேரமாகிவிட்டது என்று குளிக்கப் போனார். இன்றும் அவர்தான் அங்கே பூசாரி.