நான் ஏறாத படகு

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு சித்திரை மாதத்து அமாவாசை அன்று, சென்னைக்கு அந்தப் பக்கம் கடற்கரையோரம் இருக்கும் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் நடந்தது. ஆனால் அதற்கான தப்பை அதற்கு ஒரு மாதம் முன்பே, ஆரணியில் எங்கள் தெரு மகளிர் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு நான் செய்துவிட்டிருந்தேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பட்டு வியாபாரியிடம் புடவை சரிபார்ப்பவள் நான். நெசவாளர்கள் கொண்டுவரும் புடவையை மேசைமேல் போட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பிரித்து, இழை விட்டிருக்கிறதா, ஜரிகை அறுந்திருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதினெட்டு வருடமாக இதே வேலை. முந்தானை பளபளவென்று இருக்கிறதே என்று அதை மட்டும் பார்த்து ஒரு புடவையைக்கூட நான் உள்ளே வைத்ததில்லை. அதனால் தெருவில் எனக்கென்று ஒரு மரியாதை. நான் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். அந்த மரியாதை என் தலைக்குக் கொஞ்சம் ஏறியும் இருந்தது.

எங்கள் குழுவில் பதினான்கு பேர். எல்லார் வீட்டிலும் தறி ஓடும். அமாவாசை என்றால் தறிக்கு விடுமுறை என்பதால் எங்கள் வருடாந்திரச் சுற்றுலாவும் ஏதாவது ஒரு அமாவாசையில்தான். எப்போதும் கோயில்தான் போவோம். அந்த வருடம் ஒருத்தி, “எல்லா சாமியையும் பாத்தாச்சு, ஒரு தரம் ஜாலியா போய்ட்டு வரலாங்க்கா” என்றாள். எல்லாருக்கும் பிடித்துப்போனது. ஆனால் எங்கே போவது? கடற்கரையோரம் ஒரு பூங்கா, ஏரிக்கரையில் இன்னொன்று. இரண்டிலும் தங்கும் அறை, நீச்சல் குளம், ராட்டினம், ஒரு நாள் டிக்கெட்டோடு மதியச் சாப்பாடு என்று எல்லாம் உண்டு. ஒன்று விளம்பரத்தில் ஒரு ராட்டினத்தைக் காட்டினால் மற்றது அடுத்த வாரமே அதைவிட உயரமான ராட்டினத்தைக் காட்டும்.

குழுவும் பாதிப் பாதியாகப் பிரிந்து வாக்குவாதம் ஆனது. கடைசியில் ஆளுக்கொன்றாக இரண்டு பேர் நேரில் போய்ப் பார்த்துவருவது என்று முடிவாயிற்று. கடற்கரைப் பூங்கா எனக்கு. ஏரிப் பூங்கா எதிர் வீட்டுக்காரிக்கு. அவளுக்கும் என் வயதுதான். கோலம் போடுவதிலிருந்து பிள்ளைகள் வாங்கும் மதிப்பெண் வரை எங்கள் இருவருக்கும் போட்டி.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அங்கே அழைத்துப் போனாள். அவள் எல்லா ராட்டினத்திலும் ஏறினாள். நான் கைப்பைகளைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். எனக்கு மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்தாலே உள்ளங்கால் கூசும். ஒரு பெரிய படகு இருந்தது. ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடுவது. அது லேசாக நாலு ஆட்டம் ஆடுவதைப் பார்த்தேன். அதற்குள் சாப்பாட்டுக் கூடம் திறந்துவிட்டார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. படகை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே போய் இருபத்து நாலு வகைப் பதார்த்தங்களையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடுத்த கூட்டத்தில் எதிர் வீட்டுக்காரி முதலில் பேசினாள். ஏரிப் பூங்காவில் சாம்பார் புளிக்கிறது, தண்ணீர்ச் சறுக்கலில் முழங்கை தேய்ந்துவிட்டது, ஏழு ராட்டினத்தில் ஏறி இரண்டு தடவை வாந்தி எடுத்தேன், பெரிய ராட்டினம் நம் வயதுக்கு வேண்டாம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். எல்லார் முகமும் வாடிவிட்டது. நான் எழுந்து இருபத்து நாலு பதார்த்தத்தையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். மீன் வறுவல் வரும்போதே பாதிப் பேர் என் பக்கம் வந்துவிட்டார்கள்.

எதிர் வீட்டுக்காரி விடவில்லை. “சோறு இருக்கட்டும். நீ எத்தினில ஏறின?” என்று கேட்டாள்.

கைப்பை பிடித்துக்கொண்டு நின்றேன் என்று அவள் முன்னால் எப்படிச் சொல்வது? “எல்லாத்துலயும்தான். அந்தப் படகுல ரெண்டு தரம் ஏறினேன். சும்மா ஊஞ்சல் ஆடற மாதிரிதான் இருந்துச்சு” என்றேன். அவ்வளவுதான், கடற்கரைப் பூங்கா என்று முடிவாகிவிட்டது.

அமாவாசை அன்று விடிவதற்குள் வேன் கிளம்பியது. என் சாயம் மதியச் சாப்பாட்டிலேயே வெளுத்துவிட்டது. அமாவாசையில் நாங்கள் கவிச்சி தொட மாட்டோம். நான் ஆசையாக ஒப்பித்த இருபத்து நாலில் பாதி கறி, மீன், முட்டை! அன்றைக்கு என்ன நாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஒவ்வொருத்தியாக மீன் வறுவல் பாத்திரத்தின் மூடியைத் திறந்து, வாசனை பிடித்து, பெருமூச்சோடு மூடிவிட்டு என்னை முறைத்தபடி தயிர்சாதத்துக்குப் போனார்கள். எதிர் வீட்டுக்காரி மட்டும், “வாசன நல்லாத்தான் கீது” என்று சொல்லிச் சிரித்தாள்.

எங்களோடு எங்கள் தெருவின் கடைசி வீட்டு மருமகள் ஒருத்தியும் மாமியாரோடு வந்திருந்தாள். இருபத்தேழு வயது. கல்யாணமாகி ஆறு வருடம். இரண்டு தடவை கரு தரித்து, இரண்டு தடவையும் தங்காமல் போனது தெருவுக்கே தெரியும். முதல் தடவை மாமியார் சந்தோஷத்தில் உடனே ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பிறகு அதே ஊருக்கு இல்லை என்றும் சொல்ல வேண்டியிருந்தது. மாமியார் தங்கமான மனுஷிதான், வாய் மட்டும்தான் நிற்காது.

அந்தப் பெண் சாப்பிடும்போது என் எதிரில் இருந்தாள். பழங்களைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். தர்பூசணியை மட்டும் தின்றுவிட்டு, அன்னாசியையும் பப்பாளியையும் ஓரமாக ஒதுக்கினாள். ஆரணி பஸ் நிலையத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய அன்னாசியை அவள் வாங்காமல் போனதை நான் பார்த்ததே இல்லை. புளிப்பு போல என்று நினைத்துக்கொண்டு அவள் தட்டிலிருந்ததை நானே எடுத்துத் தின்றேன்.

சாப்பிட்டு முடித்துச் சற்று உட்கார்ந்துவிட்டுப் படகுக்குப் போனோம். கூட்டமே இல்லை. படகு காலியாக நின்றுகொண்டிருந்தது. காலையிலிருந்து கால்வலி, பை பார்த்துக்கொள்கிறேன் என்று சாக்குச் சொல்லித் தப்பித்துவந்த என்னை இந்தத் தடவை விடவில்லை. “வழி தெரிஞ்சவ நீதான், முன்னாடி ஏறு” என்று தள்ளினார்கள்.

படியருகே ஒரு பலகை இருந்தது. இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் ஏறக் கூடாது என்று எழுதியிருந்தது. அந்தப் பெண் அதைப் படித்துவிட்டு என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“அக்கா, நீங்க நெஜமாவே இதுல ஏறினீங்களா? ரொம்ப தூக்கிப் போடுமா?”

“அட, ஊஞ்சல்தாம்மா. போர்டு எல்லாத்துலயுந்தான் போட்டுகினு இருப்பாங்க. நீ வா” என்றேன்.

அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்து, “ஜல்தி வா” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் ஏறிவிட்டாள். மாமியார் உள்பக்கம், அவள் நடுவில், நான் ஓரம்.

மடிமேல் இரும்புக் கம்பி இறங்கியது. நாங்கள் எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டோம். அவள் பிடிக்கவில்லை. கம்பிக்கும் வயிற்றுக்கும் நடுவில் இரண்டு கையையும் நுழைத்து, வயிற்றை மூடிக்கொண்டாள். எனக்குச் சட்டென்று அன்னாசி ஞாபகம் வந்தது. பிறகு பலகை. பிறகு அவள் கேட்ட கேள்வி. பட்டில் விட்டுப்போன ஓர் இழையைக் கண்டுபிடிக்கும் கண் இவ்வளவையும் பார்த்துவிட்டு என்ன செய்துகொண்டிருந்தது? மூன்று மாதம் முடியும் முன்னால் எங்கள் பக்கம் யாரிடமும் சொல்ல மாட்டார்கள். இந்தத் தடவை அவள் மாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. என்னை நம்பி ஏறி உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் படகு எவ்வளவு உயரம் போகும் என்று எனக்கே தெரியாது.

படகு மெதுவாக ஒரு பக்கம் நகர்ந்தது.

“நிறுத்துங்க! நிறுத்துங்கம்மா! நான் எறங்கணும்!”

நான் போட்ட சத்தத்தில் விசையருகே நின்ற சீருடைப் பெண் உடனே நிறுத்தினாள். ஆனாலும் படகு இன்னும் இரண்டு ஆட்டம் ஆடித்தான் நின்றது. அந்த இரண்டு ஆட்டத்துக்குள் எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டுவிட்டேன்.

பின் வரிசையில் சிரிப்பு கிளம்பியது. “ரெண்டு தரம் ஏறினவளுக்கு இன்னா ஆச்சு?” என்றாள் எதிர் வீட்டுக்காரி.

உண்மைக் காரணத்தைச் சொன்னால் அந்தப் பெண்ணின் ரகசியம் போய்விடும். சொல்வதற்கு என்னுடைய உண்மை ஒன்றுதான் பாக்கி இருந்தது.

“ஏறல. ஒரு தரம்கூட ஏறல. கீழ பை புடிச்சிகினு நின்னேன். உங்ககிட்ட பொய் சொன்னேன்” என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. நான் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். “எனக்குத் தலை சுத்துது. நீ கூட வாம்மா.”

மாமியார் உடனே, “அவ கொழந்த மாதிரி, ஆசையா ஏறிகீறா. அவ இருக்கட்டும், நான் வரேன்” என்று எழப்போனார். நான் அந்த மணிக்கட்டை விடவில்லை.

அதற்குள் சீருடைப் பெண் கிட்டே வந்துவிட்டாள். முப்பது வயது இருக்கும். என்னைப் பார்த்தாள். என் பிடியிலிருந்த கையைப் பார்த்தாள். இன்னொரு கை வயிற்றின்மேல் இருப்பதையும் பார்த்தாள். பிறகு மாமியாரிடம், “இல்லம்மா, பக்கத்து சீட்டுல இருக்கறவங்கதான் கூட எறங்கணும். இங்க அதான் ரூல்” என்றாள்.

அப்படி ஒரு விதி உலகத்தில் எந்தப் பூங்காவிலும் இருக்காது. ஆனால் அவள் சொன்ன விதத்தில் மாமியார் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்துவிட்டார். எங்கள் இருவரையும் கைபிடித்து இறக்கி, நிழலில் நாற்காலி போட்டாள். ஒரு பாட்டில் தண்ணீரைத் திறந்து, தலை சுற்றுகிறது என்று சொன்ன என்னை விட்டுவிட்டு, அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். ஒன்றும் கேட்காமல் விசைக்குத் திரும்பிப் போனாள்.

படகு மறுபடி கிளம்பியது. முதல் நாலு ஆட்டம் நான் அன்று பார்த்த மாதிரியே இருந்தது. பிறகு ஏறியது பாருங்கள்! ஒரு முனை ஆகாயத்துக்குப் போய் அப்படியே நின்று, பிறகு மொத்தமாகக் கீழே விழுவது போல இறங்கியது. எங்கள் தெருப் பெண்கள் போட்ட கூச்சல் கடல் வரைக்கும் கேட்டிருக்கும். ஒரு வாய்ப் பெருமைக்காக யாரை எங்கே ஏற்றி உட்கார வைத்தேன் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

அந்தப் பெண்ணும் அழுதுகொண்டிருந்தாள். “இன்னும் முப்பது நாள் போவணும்க்கா. அப்பறம்தான் வீட்ல சொல்லலாம்னு அவரும் நானும் பேசி வெச்சோம். வரலன்னா அத்த ஏன் எதுக்குன்னு கேப்பாங்க. உங்களுக்கு எப்டிக்கா தெரிஞ்சுது?”

“எனக்கு எதுவும் தெரியாது. நீயும் எதுவும் சொல்லல. என்னை மட்டும் மன்னிச்சிடும்மா” என்றேன்.

திரும்பி வரும்போது வேனில் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகும் சில மாதம் தெருவில் எனக்கு ‘ஊஞ்சல்’ என்றே பெயர். விளக்கம் சொல்ல வழியில்லாததால் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். பதினெட்டு வருட மரியாதை ஒரே நாளில் போனது வலிக்கத்தான் செய்தது. எதிர் வீட்டுக்காரி மட்டும் ஒரு நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “பயமா இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே. நானும் நடுங்கிகினுதான் ஏறினேன்” என்றாள். அன்றிலிருந்து எங்கள் போட்டி கோலத்தோடு நின்றுவிட்டது.

ஆனி பிறந்ததும் அந்த மாமியார் இனிப்போடு வீடு வீடாக வந்தார். “உனக்கு ஒரு சமாச்சாரம்” என்று அவர் ஆரம்பித்தபோது நான் ஆச்சரியப்பட்ட மாதிரி போட்ட சத்தத்தைக் கேட்டு, பின்னால் நின்ற மருமகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. பூங்கா நாளில் உண்மையில் என்ன நடந்தது என்று பெயர் வைக்கிற அன்று அவளே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். நான் எவ்வளவு கண்ணைக் காட்டியும் கேட்கவில்லை.

இந்த வருடம் ஏரிப் பூங்காவுக்குப் போகலாம் என்று பேச்சு வந்தது. பார்த்துவர யாரை அனுப்புவது என்றபோது, எதிர் வீட்டுக்காரி என்னைத்தான் காட்டினாள். “இவளே போவட்டும். இனிமே இவ பொய் சொல்ல மாட்டா.”

போனேன். ஏற முடிந்ததில் ஏறினேன். ஏற முடியாத இரண்டைப் பற்றிக் கூட்டத்தில் எழுந்து நின்று, “எனக்குப் பயம், ஏறல, அதனால தெரியாது” என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அந்தக் குழந்தை அப்போது கூட்டத்தின் நடுவே புதிதாக நடை பழகி, விழுந்து எழுந்து, ஒவ்வொருத்தர் முட்டியாகப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. “தெரியாது” என்கிற அந்த ஒரு சொல்லைச் சரியான நேரத்தில் சொல்ல வெட்கப்பட்டு ஓர் உயிரையே பணயம் வைத்தேன் என்பதை, அது என் முட்டியைப் பிடித்து நிற்கும்போதெல்லாம் உணர்கிறேன்.